கல்லுக்குப் பின்னால் ஒரு சுவர்

அந்த ஊரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது வரை படித்த இருவருக்கு ஊரார் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் மில்லிமீட்டர். இன்னொருவர் விரிசல். முதல் பெயரை அதற்குரியவர் ரசித்தார், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பெயர் ஒரு கொத்தனாருக்கு வைக்கப்பட்டது. கொத்தனாரை விரிசல் என்று கூப்பிட்டால் அவர் எந்த வாசலில் போய் வேலை கேட்பார்? அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெயர் அவருக்கு வந்ததில் மில்லிமீட்டரின் பங்கு என்ன என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. மில்லிமீட்டருக்கே தெரியாது.

ஊர் ஒரு நிலப்பிளவின் மேல் இருக்கிறது. பிளவு என்றவுடன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் பள்ளம் என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிளவின் இந்தப் பக்கத்து நிலம் ஒரு திசையிலும் அந்தப் பக்கத்து நிலம் எதிர்த்திசையிலும் நகம் வளர்வதைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் அது தெருவைக் குறுக்கே கடக்கிறது. அங்கே தெரு ஓரத்தில் வரிசையாகப் பதித்த கற்கள் ஓர் இடத்தில் மட்டும் முழங்கை போல மடங்கியிருக்கும். பிளவின் மேல் கடை வைத்திருக்கும் ரொட்டிக்கடைக்காரர் சில வருடங்களுக்கு ஒருமுறை இரும்புக் கதவைக் கழற்றி மாட்டுவார். "பூமிக்குக் கொஞ்சம் சோம்பல் முறிக்கணும், முறிச்சுக்கட்டும்" என்பார். ஊருக்கு அது அவ்வளவுதான். கதவு பிடித்தால் இழைத்துக்கொள்வார்கள், பூச்சு விட்டால் பூசிக்கொள்வார்கள்.

எவ்வளவு ஊர்ந்தது என்று அளப்பது மில்லிமீட்டரின் வேலை. அதற்கென்று அரசாங்கம் இரண்டு அறையில் ஓர் ஆய்வு நிலையம் வைத்திருந்தது. அளக்கும் கருவிக்கு முக்காலி தூக்கும் ஆளாகத்தான் அவர் அங்கே சேர்ந்தார். பொறியாளர் பார்ப்பதைப் பார்த்து, கருவியோடு வந்த கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்து, புரியாததை வெட்கப்படாமல் கேட்டுத் தானே அளக்கக் கற்றார். பிறகு கருவியை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை. வெயில் ஏறினால் தார்ச்சாலையிலிருந்து காற்று நெளியும், ஆணி ஆடுவது போலத் தெரியும். அதனால் விடிந்ததும் தெருவை மறித்துவிடுவார். பால் வண்டிக்காரர் திட்டுவார். "ஒரு மில்லிக்கு ஊரையே நிறுத்துறீங்களே சார், நாங்க ஒரு மில்லி போட்டா தப்புங்கறீங்க" என்று சாயங்காலக் குடிக்குப் பேர்போன தையல்காரர் கேட்பார். "நீங்க போட்டா நீங்க மட்டும்தான் நகருவீங்க" என்பார் இவர், கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமல்.

அளக்கும் முறை எளிதானது. தெருவின் இந்த முனையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுக் கல், அதன் தலையில் பித்தளைக் குமிழ். கருவி அந்தக் குமிழின் மேல் உட்காரும். மறு முனையில் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு குறி. நடுவே, தெரு நெடுக, சாலையில் அறைந்த ஆணிகள். கல்லிலிருந்து குறிக்கு ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வோர் ஆணியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கேள்வி. இதில் எல்லாமே அந்தக் கல்லை நம்பி இருக்கிறது. கல் அசையாத நிலத்தில் நிற்க வேண்டும்.

கல்லுக்கு இடம் பார்த்தவர் மில்லிமீட்டர்தான். அந்தத் தெரு அவருடைய அக்கா வீட்டு வாசலில் போய் முடியும். அக்காவின் பழைய வீடு ஓரமாக இருந்தது. பக்கத்தில் வெறும் மனை, அதற்குப் பின்னால் ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டிப் போனால் நிலம் இறங்கிவிடும், அங்கிருந்து தெரு தெரியாது. அந்த மனையும் அக்காவுடையதுதான். வேலி இருந்தது, அதன் முன்பக்கம் கல்லை நட்டால் வண்டி வந்து இடிக்காது. கருவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டலாம். அளந்து முடித்ததும் டீ கிடைக்கும். அப்போது இருந்த பொறியாளர், "பிளவுக்கும் கல்லுக்கும் போதுமான தூரம் இருக்கா?" என்று கேட்டார். "ஒரு தெரு நீளம் இருக்கு சார், போதும்" என்றார் இவர். கையேட்டில் அந்த இடத்தில், கல்லுக்குப் பின்பக்கம் குழி தோண்டி மண்ணடுக்கைப் பார்க்கவும் என்று ஒரு வரி இருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிய பருவம் அது. யாரும் தோண்டவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஆணிகள் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் விலகின, மற்ற இடத்தில் அப்படியே நின்றன. கணக்கு ஒழுங்காக வந்தது. ஒன்று மட்டும் இடித்தது. பிளவுக்கு இந்தப் பக்கம் வெகுதூரத்தில் இருக்கும் குன்றும் அந்தப் பக்கம் வெகுதூரத்தில் இருக்கும் குன்றும் விலகுகிற அளவு, தெருவில் தெரிவதைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் மீதி எங்கே போகிறது? தலைமைப் பொறியாளர் வரும்போதெல்லாம் இதே பேச்சு. "மீதி உள்ளே பூட்டிக்கிடக்கு. சேர்த்து வெச்சு ஒருநாள் நிலநடுக்கமா மொத்தமாக் கொடுக்கும்" என்பார் அவர். எல்லோரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அக்காவின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த மனையில், கல்லுக்குப் பின்னால், புது வீடு கட்ட நினைத்தார்கள்.

"டேய், நீ சொல்லு. இந்த இடம் அசையுமா?" என்று அக்கா கேட்டாள்.

"கல்லுக்கு முன்னாடிதான் எல்லாக் கூத்தும். கல்லுக்குப் பின்னாடி ஒரு முடி நகராது."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. அவள் தம்பியை வளர்த்தவள். தம்பி பிறந்ததற்குப் பிறகு உலகத்தில் நடந்த நல்ல காரியம் எதிலும் அவனுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்று நம்புகிறவள்.

கட்டியது கொத்தனார், இவருடைய பெஞ்சுத் தோழர். தெருப்போக்கிலேயே உள்ளே நீளும் ஒரு சுவர், கூடத்தையும் பின் அறையையும் சேர்த்து ஒரே ஓட்டமாக எழுப்பியது, அவருக்குப் பெருமை. நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுப்பினார். பூச்சு முடிந்த அன்று மில்லிமீட்டர் தெருவில் அளந்துகொண்டிருந்தார். கொத்தனார் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டேய் மில்லி. அந்த மெஷினை ஒரு தடவை இந்தப் பக்கம் திருப்பேன். என் சுவரைப் பார்த்துட்டு எவ்வளவு நேரா இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடு. மாட்டி வெச்சுக்கறேன்."

"உன் சுவரைப் பார்க்கவா கவர்ன்மெண்டு எனக்குச் சம்பளம் கொடுக்குது?"

"அரைச் சுத்துதானடா. கழுத்தா சுளுக்கிக்கும்?"

"அந்தப் பக்கம் ஆணி இல்ல. ஆணி இல்லாத இடத்தைப் பார்த்து நான் என்ன எழுதறது? போய் உன் நூலைச் சுருட்டு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கொத்தனார் போய் நூலைச் சுருட்டினார். இவர் தெருப்பக்கமே பார்த்து அளந்து முடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

மூன்றாம் வருடம் அந்த நீளச் சுவரில், கூடத்தின் நடுவில், தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் ஓடியது. கொத்தனார் வந்து கொத்தி, கம்பி வலை வைத்துப் பூசிவிட்டுப் போனார். அடுத்த வருடமே மறுபடி விட்டது. பின் அறைக் கதவு சட்டத்தில் உட்காரவில்லை. மறுபடியும் வந்தார். கூலியும் இல்லாமல், சிமெண்டும் தன்னுடையதாகவே கொண்டுவந்து பூசினார். மூன்றாவது தடவை அவர் வந்தபோது அக்கா பொறுமை இழந்திருந்தாள்.

"நல்ல வேளை, என் தம்பி சினேகிதன்னு கொடுத்தோம். வேற ஆளுன்னா இன்னும் என்னென்ன தின்னிருப்பானோ."

"நான் எதையும் தின்னலக்கா. கலவை சரியான கலவை. அஸ்திவாரமும் இறங்கல, பாருங்க, ரசமட்டம் வெச்சுக் காட்டறேன்."

"இறங்கலன்னா சுவர் தானாவா பிளக்கும்? வேண்டுதலா அதுக்கு?" மில்லிமீட்டர் அப்போதுதான் உள்ளே வந்தார். "நீயே வந்துட்டே. நீ சொல்லுடா. தப்பு சுவர்லயா, நிலத்துலயா?"

கொத்தனார் அவரைப் பார்த்தார். சிநேகிதனிடம் ஆதரவு கேட்கும் பார்வை அல்ல அது. அவருக்கும் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊரில் நிலத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தானே.

"கல்லுக்குப் பின்னாடி நிலம் அசையாதுக்கா" என்றார் மில்லிமீட்டர். "எத்தனை வருஷமாப் பார்க்கறேன். கணக்கு ஒரு தடவைகூடத் தப்பல."

சுவர் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கொத்தனார் சுவரை விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிக் கேட்டார். பிறகு, "அப்போ என் கைதான்" என்றார். கரணையையும் மட்டத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அக்காவின் வாய் ஊருக்கே தெரிந்த வாய். கடைத்தெரு, ரேஷன் வரிசை, கல்யாண வீடு எங்கே போனாலும் சுவர்க் கதை போனது. அதில் "நிலம் அசையலன்னு என் தம்பியே சொல்லிட்டான்" என்ற வரி எப்போதும் இருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் கதை ஒரு வீட்டுச் சண்டையாகவே முடிந்திருக்கும். அந்த வரியோடு அது தீர்ப்பாகிவிட்டது. யாரோ ஒரு பொல்லாத வாய் கொத்தனாருக்கு விரிசல் என்று பெயர் வைத்தது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு மகன் டைல்ஸ் கடை போட்டிருந்த ஊருக்குக் குடும்பத்தோடு போனார். போகும்போது மில்லிமீட்டரிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் போனார். அதில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இவர் பின்னாளில் நினைத்தார்.

மில்லிமீட்டர் ஓய்வு பெற்றார். நிலையத்துக்கு ஒரு பெண் பொறியாளர் வந்தார். ஆணிகளைக் காட்டிக் கொடுப்பதற்கு இவர் கூடப் போவார். அந்தப் பெண், செயற்கைக்கோள்களிலிருந்து இடத்தைக் கணக்கிடும் ஒரு கருவியைக் கல்லின் தலையில் பொருத்தினார். அடுத்த வருடமும் பொருத்தினார், அதற்கடுத்த வருடமும். பிறகு ஒருநாள் வீட்டுக்கே வந்தார்.

"சார், கல்லே நகருது."

"எந்தக் கல்லும்மா?"

"நம்ம கல்லு. தெருவோட இந்தப் பாதி போற திசையிலேயே அதுவும் போகுது. ஆனா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிலம் அதுகூடப் போகல. பிளவு ஒண்ணு இல்ல சார், ரெண்டு கிளை. ஒண்ணு தபாலாபீஸ்கிட்ட. இன்னொண்ணு கல்லுக்குப் பின்னாடி. பூட்டிக்கிடக்குன்னு எழுதியிருக்காங்களே, அந்த மீதி, அது பூட்டிக்கிடக்கல. இங்கதான் ஊர்ந்துக்கிட்டிருக்கு." கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவர் படத்தை விரித்தார். கோடு வாய்க்கால் ஓரத்திலிருந்து வந்து ஒரு வீட்டின் கூடத்தைக் கடந்து போயிற்று. "இது உங்க அக்கா வீடுதானே சார்?"

அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் படத்தை மெதுவாகச் சுருட்டிக்கொண்டார்.

கல்லில் உட்காரும் கருவி தனக்கு முன்னால் இருக்கும் பிளவை மட்டும்தான் காட்டும். பின்னால் இருப்பதை அதனிடம் கேட்டால்தான் சொல்லும். இவர் ஒருபோதும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் கேட்கச் சொன்னார், விளையாட்டாக, கையைத் துடைத்துக்கொண்டு.

மறுநாளே பஸ் ஏறினார். டைல்ஸ் கடையில் முன்னால் மகன் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தான். பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், கொத்தனார் உடைந்த ஓடுகளைத் தனியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். உடம்பு வற்றியிருந்தது.

"அடடே, மில்லி. என்ன இவ்வளவு தூரம் நகர்ந்துட்டே?"

"நீ வேலைக்குப் போறதில்லையா?"

"சுவர் எழுப்பறதை விட்டுட்டேன். டைல்ஸ் ஒட்டறதோட சரி. ஏற்கெனவே தரையில இருக்கு, அது எங்க விழப்போகுது?" என்று சிரித்தார். "பையன் வீடு கட்டினான். அதுக்குக்கூட வேற ஆளு. நீங்க கட்டுங்கப்பான்னுதான் சொன்னான். நான்தான் மாட்டேன்னுட்டேன்."

மில்லிமீட்டர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. இரண்டு கிளை என்றார், கல் நகர்கிறது என்றார், கூடத்தின் நடுவில் போகிறது என்றார். கொத்தனார் கையிலிருந்த டைல்ஸைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அப்போ என் கை இல்லையா?"

"இல்லடா."

"அப்போ இத்தனை வருஷம் எந்தக் கைக்கு நான் பயந்துக்கிட்டு இருந்தேன்?"

மகன் எட்டிப் பார்த்து, "டீ சொல்லட்டுமாப்பா?" என்றான். "சொல்லு, ரெண்டு" என்றார் கொத்தனார். டீயைக் குடித்து முடித்துக் கொத்தனார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. முதல்ல உன்கிட்ட..."

"என்கிட்டச் சொல்றது சுலபம்டா. நான் எங்கேயோ ஒரு மூலையில இருக்கேன். அங்க போய்ச் சொல்லு. அந்தக் கடைத்தெருவுல, நாலு பேர் காதுல விழற மாதிரி, அவன் கட்டினது நல்ல சுவர்தான்னு அக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த பஸ்ல வரேன். வந்து அந்தச் சுவரை நானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுப் போறேன்."

"சொல்ல வைக்கறேன்" என்றார் மில்லிமீட்டர். அக்கா தன் பேச்சைத் தட்டியதே இல்லை என்ற தைரியம்.

அக்கா கூடத்தில், விரிசலை மறைத்து வைத்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கணவர் இறந்த பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுத் தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"அவனைப் பார்த்துட்டு வந்தியா?"

"ஆமா."

"அதான். நல்லாப் பேசி அனுப்பியிருக்கான். உனக்குச் சின்ன வயசுல இருந்தே அடுத்தவன் பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கற புத்தி."

"அக்கா, மெஷின் சொல்லுதுக்கா."

"முன்னாடியும் மெஷின்தானே சொல்லுச்சு, அசையலன்னு? அப்போ சொன்னது நீ. இப்போ சொல்றது அந்தப் பொண்ணு. நேத்து வந்த பொண்ணு சொன்னா, நீ ஆயுசு முழுக்கப் பார்த்தது பொய்யாயிடுமா? யார்கிட்டயும் இப்படிச் சொல்லிட்டுத் திரியாதே. ஊர் சிரிக்கும்."

"நான் தப்பாச் சொன்னேன்கா."

"நீ தப்பாச் சொல்லமாட்டே" என்றாள் அக்கா. பேச்சு முடிந்தது என்பது போல எழுந்து முந்தானையை உதறினாள். அவளை ஜெயிக்கவே முடியாத இடம் அதுதான்.

கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று நினைத்தார். அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்தினார். சுவர் நெடுக, முன் மூலையிலிருந்து ஒரு நூலை இழுத்துக் கட்டினார். விரிசல் வரை நூலும் சுவரும் ஒட்டிப் போயின. விரிசலைத் தாண்டியதும் சுவர் நூலைவிட்டு மூன்று விரல் அகலம் ஒதுங்கி, அதன் பிறகு மறுபடி நேராகப் போயிற்று. இரண்டு பாதியும் தனித்தனியே அவ்வளவு நேராக இருந்தன.

"பாருக்கா. இந்தப் பாதி நேர். அந்தப் பாதியும் நேர். நடுவுல மட்டும் விலகியிருக்கு."

அக்கா குனிந்து நூலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரலை விட்டுப் பார்த்தாள். திரும்பவும் விட்டுப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். "கோணலாக் கட்டியிருக்கான்."

தொழில்படி பார்த்தால் அக்கா சொன்னதில் தவறு இல்லை. ஓர் அளவு எதையும் நிரூபிக்காது. விலகியது என்று சொல்ல, விலகாமல் இருந்த நாளின் அளவு வேண்டும். பூச்சு முடிந்த அன்று கருவியை ஒரு முறை திருப்பியிருந்தால், விளையாட்டுக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த அளவு இருந்திருக்கும். கொத்தனார் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். முதல் விரிசல் விட்ட அன்றே அதைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டியிருப்பார்.

அன்று சாயங்காலம் கொத்தனார் போனில் கேட்டார். "சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல."

"சரி விடு. சுவர் எப்படி இருக்கு?"

"ரெண்டு பாதியும் நூல் பிடிச்ச மாதிரி இருக்குடா."

"அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொத்தனார் போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் பெண் பொறியாளரிடம் அனுமதி கேட்டு, மில்லிமீட்டர் பழைய கருவியை வாங்கி வந்தார். கல்லுக்குப் பின்னால், வாசலில், கூடத்துத் தரையில், பின் அறையில் ஆணி அறைந்தார். பின் கதவைத் திறந்து வைத்து, வாய்க்காலுக்கு அப்பால் மின்கம்பத்தில் குறி வைத்தார். விடிந்ததும் கருவியைக் கல்லில் ஏற்றினார். திருகைத் தளர்த்திக் கருவியைத் தெருப்பக்கத்திலிருந்து வீட்டுப்பக்கம் திருப்பினார். அரைச் சுற்று. அது சத்தமே போடாமல் திரும்பியது.

அக்கா டீ டம்ளரோடு வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்படா தெரியும்?"

"உன் கண்ணுக்குத் தெரியறதுக்கு மூணு நாலு வருஷம் ஆகும்கா. இன்னைக்கு எடுக்கறது முதல் அளவு."

"அவ்வளவு நாள் யார் இருக்கப்போறோம்?" டம்ளரைக் கல்லின் மேல் வைக்கப் போனாள். அவர் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டாள். "ஏண்டா, இதைத் திருப்ப இவ்வளவு நேரம்தான் ஆகுமா?"

"ஆமாக்கா."

"அன்னைக்கே திருப்பியிருக்கலாம்ல. அவன் கோணலாக் கட்டினது அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்கா" என்றார் மில்லிமீட்டர். குனிந்து கண்ணைக் கருவியில் வைத்தார். மூன்று முறை பார்த்துவிட்டு அளவை எழுதினார்.